மயக்கம் தெளிந்தும் கை அசையாதது ஏன்?



சென்ற ஆண்டு நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயாருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. அறுபதைத் தாண்டியவர், சுகர் உண்டு. காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். பன்னிரண்டரைக்கு, "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்று சர்ஜன் வெளியே வந்து சொல்லிவிட்டார். லுஹர் முடிந்தது, அஸர் பாங்கும் சொல்லியாயிற்று, தாயார் வார்டுக்கு வரவில்லை. "மூச்சுக் குழாயை இன்னும் எடுக்கவில்லை, ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறோம்" என்ற பதில் மட்டும் வந்தது. வராந்தாவில் நின்றவர்களில் யாரோ ஒருவர், "மயக்க மருந்து ஓவராகிப் போச்சு" என்றார். அரை மணி நேரத்தில் அது நான்கு தெருவுக்கும் பரவி, எங்கள் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

நாங்கள் மூன்று பேர் போனோம். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நாங்களும் சந்தேகத்தோடுதான் போனோம். மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார்: "கடந்த ஒரு வாரத்தில் இவர்களுக்கு வெளியில் ஏதாவது ஊசி போட்டீர்களா?" மூத்த மகன் இல்லை என்று தலையாட்டினார். பிறகு யோசித்து, "சிறுநீரில் இன்ஃபெக்‌ஷன் என்று பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஏழு நாள் காலையும் மாலையும் ஊசி போட்டோம், முந்தாநாள்தான் முடிந்தது" என்றார். வார்டில் நர்ஸ் கேட்டபோது ஏன் சொல்லவில்லை? நர்ஸ் கேட்டது, "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்று. சாப்பிடுவது சுகர் மாத்திரை மட்டும்தான். ஊசியை யாரும் சாப்பிடுவதில்லையே.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. அந்த ஏழு நாள் ஊசிக்கான பணத்தை டிரஸ்டின் மருத்துவ நிதியிலிருந்துதான் கொடுத்தோம். அமிக்காசின் என்று பெயர் எழுதிய பில் எங்கள் ஃபைலில் இருந்தது. ஆபரேஷனுக்கான மனுவும் அதே ஃபைலில், அந்த பில்லுக்கு அடுத்த தாளாக இருந்தது.

அல்ஹம்துலில்லாஹ், இரவு எட்டு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். மறுநாள் அந்தத் தாயார் எங்களிடம் சொன்ன வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "நடுவுல கொஞ்ச நேரம் எல்லாம் காதுல கேட்டுச்சு தம்பி. பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க, கண்ணைத் தொறன்னு சொல்றாங்க. கண்ணும் தொறக்கல, கையும் அசையல. மௌத்தாயிட்டேனோன்னு நெனச்சேன்." டாக்டரம்மா அவருடைய நாடித் துடிப்பு ஏறுவதையும் கண்ணோரம் நீர் வடிவதையும் பார்த்து, உடனே மறுபடி தூங்க வைத்திருக்கிறார். சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களை அவர் வாழ்நாளில் மறக்கப் போவதில்லை.

அன்று கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அதன் பிறகு படித்தும் மருத்துவர்களிடம் விசாரித்தும் அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

மயக்கம் என்பது ஒரே மருந்து அல்ல

ஆபரேஷனுக்கு ஒரு ஊசி போடுவார்கள், ஆள் மயங்கிவிடுவார், முடிந்ததும் எழுப்புவார்கள் என்றுதான் நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முறை வேறு. பெரும்பாலான சிஸேரியன்கள் அப்படித்தான் நடக்கின்றன. அதை இங்கே பேசவில்லை. முழு மயக்கத்தில் மூன்று வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. நினைவு போக வேண்டும், வலி தெரியக் கூடாது, தசைகள் தளர வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி மருந்துகள் உண்டு.

முதலில் பால் போல வெள்ளையாக ஒரு ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள். வலிக்குத் தனி ஊசி. பிறகு தசைத் தளர்வு மருந்து. இப்போது அதிகம் புழங்குபவை வெக்குரோனியம், அட்ராகூரியம், ரோக்குரோனியம். தசை தளர்ந்ததும் தொண்டை வழியாக மூச்சுக் குழாயை வைத்து, மெஷின் மூலம் மூச்சுக் கொடுப்பார்கள். அதே குழாய் வழியாக ஆக்ஸிஜனுடன் கலந்து ஒரு மயக்க ஆவி போய்க்கொண்டே இருக்கும். ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் ஆகியவை இந்த வகை. ஆஸ்பத்திரியில் இதைத்தான் "கேஸ்" என்கிறார்கள். பாட்டிலில் திரவமாக இருப்பதை மெஷின் ஆவியாக்கி அளந்து அனுப்புகிறது. ஆபரேஷன் முடியும் வரை ஆளைத் தூக்கத்தில் வைத்திருப்பது இந்தக் கேஸ்தான்.

தசை ஏன் தளர வேண்டும் என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். வயிற்றைத் தொட்டாலே நாம் வயிற்றை இறுக்கிக் கொள்கிறோம் அல்லவா? தூங்கும் உடம்பும் அதையே செய்யும். இறுகிய வயிற்றுக்குள் கருவியை விட்டு வேலை செய்ய முடியாது. நுணுக்கமான இடத்தில் கத்தி இருக்கும்போது நோயாளி ஒரு இருமல் இருமினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தசைத் தளர்வு மருந்துக்குத் தூக்கத்தோடும் வலியோடும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர், வேறு மயக்க மருந்து எதுவும் இல்லாமல் தனக்கே இந்த மருந்தைச் செலுத்தச் சொல்லிப் பார்த்தார். ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல், மூச்சையும் மற்றவர்கள் கொடுக்க, கடைசி வரை அவருக்கு முழு நினைவு இருந்தது. பேசிய பேச்செல்லாம் கேட்டது, வலியும் தெரிந்தது. 1947ல் அந்தச் சோதனையின் அறிக்கை வெளியானது. நம் மஹல்லாத் தாயார் சொன்னதும் இதே அனுபவம்தான்.

அம்பின் விஷம்

இந்த மருந்து வந்த வழியே ஒரு கதை. தென் அமெரிக்கக் காடுகளில் பழங்குடியினர் வேட்டைக்குப் போகும்போது அம்பு நுனியில் குராரே என்ற செடிச் சாற்றைப் பூசுவார்கள். அம்பு பட்ட பிராணி துவண்டு விழும், மூச்சு நின்று சாகும். 1814ல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் வாட்டர்டன் என்பவர் உடனிருக்க, ஒரு பெண் கழுதைக்கு இந்த விஷத்தைக் கொடுத்து, அது விழுந்ததும் மூச்சுக் குழலில் துளையிட்டுத் துருத்தியால் காற்று ஊதிக்கொண்டே இருந்தார்கள். விஷம் இறங்கியதும் கழுதை எழுந்து நின்றது. வூராலியா என்று பெயர் வைத்து, அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் அதை வளர்த்தார்கள். இந்த விஷம் உயிரை எடுப்பதில்லை, மூச்சைத் தாங்கிப் பிடித்தால் ஆள் பிழைப்பார் என்பது அந்தக் கழுதையால் தெரிந்த பாடம்.

ஆபரேஷனில் அது இடம் பிடித்தது 1942 ஜனவரி 23 அன்று. கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஹெரால்ட் கிரிஃபித், எனிட் ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள், இருபது வயது இளைஞர் ஒருவரின் குடல்வால் ஆபரேஷனில், அவர் சைக்ளோபுரொப்பேன் என்ற கேஸைச் சுவாசித்துக்கொண்டிருக்கும்போது சுத்திகரித்த குராரேயைச் செலுத்தினார்கள். வயிறு பஞ்சு போலத் தளர்ந்தது. கேஸும் தசைத் தளர்வு மருந்தும் சேர்ந்தே நடப்பது அன்று தொடங்கியது.

அதற்கு முன் சுமார் நூறு ஆண்டுகள், 1846ல் பாஸ்டனில் ஈதர் ஆவியைக் கொடுத்து ஆபரேஷன் செய்த நாளிலிருந்து, தசை தளர வேண்டுமென்றால் கேஸையே இன்னும் இன்னும் ஆழமாகக் கொடுப்பார்கள். அந்த ஆழத்தில் இரத்த அழுத்தமும் மூச்சும் சேர்ந்தே விழும். பலர் அதில் இறந்திருக்கிறார்கள். இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. கேஸுக்கே தசையைத் தளர்த்தும் குணம் உண்டு. இன்றைய கேஸ்களிலும் அந்தக் குணம் போகவில்லை. நம் விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால்

கையைத் தூக்கு என்று மூளை சொல்லும் உத்தரவு முதுகுத் தண்டு வழியாக இறங்கி நரம்பின் நுனிக்கு வருகிறது. நரம்பு தசையை நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் மிக மெல்லிய இடைவெளி இருக்கிறது. நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரந்து, அந்த இடைவெளியைத் தாண்டி, தசையின் மேலுள்ள பூட்டுகளில் சாவி போலப் பொருந்தினால்தான் தசை சுருங்கும். வெக்குரோனியம் போன்ற மருந்துகள் அந்தப் பூட்டுத் துளையில் போய் உட்கார்ந்து கொள்கின்றன. பூட்டைத் திறப்பதும் இல்லை, சாவியை உள்ளே விடுவதும் இல்லை.

கேஸ் என்ன செய்கிறது? அது மூளையைத் தூங்க வைப்பதோடு நிற்பதில்லை. முதுகுத் தண்டிலிருந்து தசைக்குப் போகும் நரம்பு செல்களையும் மந்தமாக்குகிறது. அதாவது உத்தரவே பலவீனமாகத்தான் கிளம்புகிறது. அதோடு தசை மேலுள்ள பூட்டையும் துருப்பிடித்தது போல இறுகச் செய்கிறது. சாவி பொருந்தினாலும் லேசில் திரும்பாது. ஒரு பக்கம் பூட்டுத் துளையை அடைக்கும் மருந்து, மறு பக்கம் பூட்டையே இறுக்கும் கேஸ். இரண்டும் சேரும்போது, தனியாகக் கொடுத்தால் ஒருவருக்குச் சரியாக இருக்கும் அளவு, கேஸோடு கொடுத்தால் அதிகமாகிவிடுகிறது.

எவ்வளவு அதிகம்? ரோக்குரோனியத்தைச் சொட்டு சொட்டாகத் தொடர்ந்து கொடுக்கும்போது, ஐசோஃப்ளூரேன் கேஸும் ஓடிக்கொண்டிருந்தால், முதல் டோஸ் போட்டு 45 முதல் 60 நிமிடம் ஆனபின் மருந்தின் வேகத்தை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்க வேண்டி வரலாம் என்று அந்த மருந்தின் குறிப்பேடே சொல்கிறது. கேஸுக்குக் கேஸ் வித்தியாசமும் உண்டு. டெஸ்ஃப்ளூரேன் தளர்வைக் கூட்டுவதில் முன்னால் நிற்கிறது. அடுத்து செவோஃப்ளூரேன், பிறகு ஐசோஃப்ளூரேன். பழைய ஹாலோத்தேன் அதற்கும் கீழே. நைட்ரஸ் ஆக்ஸைடு மிகக் குறைவு. கேஸே இல்லாமல் வெள்ளை ஊசி மருந்தையே தொடர்ந்து ஏற்றி மயக்கத்தில் வைத்தால் இந்தக் கூட்டல் பெரிதாக இருக்காது.

அந்த 45, 60 நிமிடக் கணக்கைக் கவனித்தீர்களா? கேஸ் நுரையீரலிலிருந்து மூளைக்குச் சில நிமிடங்களில் போய்விடும். தசைகளுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அங்கே கேஸ் நிறைவதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே ஆபரேஷனின் முதல் பத்து நிமிடத்தில் இந்தக் கூட்டல் அவ்வளவாகத் தெரியாது, நேரம் போகப் போகத்தான் கூடும். முதல் டோஸ் அரை மணி தாங்கியது என்றால் இரண்டாவது மணி நேரத்தில் போடும் சின்ன டோஸும் எதிர்பார்த்ததைவிட நீண்டு போகலாம். மயக்க டாக்டர் ஆபரேஷன் முழுவதும் தலைமாட்டிலேயே நின்று கணக்குப் போடுவது இதற்காகத்தான். "ஊசி போட்டுவிட்டுப் போகிறவருக்கு எதற்குத் தனி ஃபீஸ்?" என்று மருத்துவ நிதிக் கூட்டத்தில் கேட்கும் நம் சகோதரர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

ஆபரேஷன் முடிந்ததும் இரண்டும் ஒரே வழியாக வெளியேறுவதில்லை. கேஸை நிறுத்தினால் அது மூச்சோடு வெளியேறிவிடும், மூளை சீக்கிரம் விழிக்கும். தசைத் தளர்வு மருந்து கல்லீரல், சிறுநீரகம் வழியாக அதன் வேகத்தில்தான் போகும். அட்ராகூரியம் இதற்கு விதிவிலக்கு, இரத்தத்திலேயே தானாகச் சிதைந்துவிடும். கிட்னி பழுதானவர்களுக்கு அதையே விரும்பிக் கொடுப்பார்கள். மூளை விழித்து, தசை விழிக்காத அந்த இடைவெளியில்தான் அந்தத் தாயார் மாட்டிக்கொண்டார்.

கேஸைக் குறைத்துக் கணக்குப் போட டாக்டரம்மாவுக்குத் தெரியும். கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருந்ததும் ரிப்போர்ட்டில் இருந்தது, அதற்கும் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார். தெரியாமல் போனது அமிக்காசின். அமிக்காசின், ஜென்டாமைசின், டி.பி.க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய ஊசிகள் நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் சுரப்பதையே குறைக்கக்கூடியவை. பூட்டு அடைபட்டது, பூட்டு இறுகியது, இப்போது சாவியும் குறைந்தது. கிட்னி மந்தமாக இருந்ததால் ஊசி மருந்து உடம்பில் தங்கியும் விட்டது. "இதில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது, எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டது" என்றார் டாக்டரம்மா.

கட்டை விரலில் ஒரு சோதனை

தசை விழித்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? "கையை அழுத்துங்க, தலையைத் தூக்குங்க" என்று சொல்லிப் பார்ப்பது பழைய வழி. அது போதாது. தசை மேலுள்ள பூட்டுகளில் எழுபது சதவீதம் அடைபட்டிருந்தாலும் வெளிப்பார்வைக்குத் தசை நன்றாகவே வேலை செய்வது போலத் தோன்றும். அல்லாஹ் உடம்பில் அவ்வளவு உபரியை வைத்திருக்கிறான். மேலும், மூச்சு விடும் உதரவிதானம் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். தொண்டைத் தசைகள் தாமதமாகும். மூச்சு வருகிறதே என்று குழாயை எடுத்துவிட்டால், எச்சில் நுரையீரலுக்குள் இறங்கலாம், தொண்டை மடிந்து மூச்சு அடைபடலாம்.

1970ல் லிவர்பூலைச் சேர்ந்த ஹசன் அலி, அட்டிங், கிரே ஆகிய மூன்று மருத்துவர்கள் ஒரு எளிய வழியை வெளியிட்டார்கள். மணிக்கட்டு நரம்பில் இரண்டு விநாடிக்குள் நான்கு சிறு மின்துடிப்புகள் கொடுத்தால் கட்டை விரல் நான்கு முறை துடிக்கும். மருந்து மிச்சமிருந்தால் நான்காவது துடிப்பு முதல் துடிப்பைவிடச் சோர்ந்திருக்கும். நான்காவது, முதலாவதில் 90 சதவீத பலத்துக்காவது வந்த பிறகே குழாயை எடுப்பது இன்றைய நியதி. கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ இதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, அளக்கும் கருவி வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் அது இல்லை, இருக்கும் இடத்திலும் எல்லோருக்கும் மாட்டுவதில்லை. இது எங்களுக்கு வருத்தமான விஷயம்தான்.

மருந்தை முறிக்கவும் வழி உண்டு. நியோஸ்டிக்மின் என்ற ஊசி சாவியின் எண்ணிக்கையைக் கூட்டும். ஆனால் உடம்பில் கேஸ் மிச்சமிருக்கும் வரை அதன் வேலையும் மந்தமாகும். சுகமாடெக்ஸ் என்ற புதிய மருந்து ரோக்குரோனியத்தையும் வெக்குரோனியத்தையும் அப்படியே கவ்விப் பிடித்துக்கொள்ளும். விலைதான் கடினம். இரண்டும் இல்லாவிட்டாலும் ஆபத்து என்று அர்த்தமில்லை. மெஷினில் மூச்சுக் கொடுத்து, நோயாளியைத் தூங்க வைத்து, மருந்து இறங்கும் வரை காத்திருப்பதே பத்திரமான வழி. அன்று அந்தத் தாயாருக்கு நடந்தது அதுதான். வராந்தாவில் நாம் பார்த்தது தவறு நடந்ததன் அடையாளம் என்று நினைத்தோம். உண்மையில் தவறு நடந்துவிடாமல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த செய்தி

கேஸும் தசைத் தளர்வு மருந்தும் சேரும் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அரிதானது, ஆனால் குடும்ப வழியாக வருவது. ஸக்சினைல்கோலின் என்று ஒரு தசைத் தளர்வு மருந்து உண்டு, நம் ஆஸ்பத்திரிகளில் ஸ்கோலின் என்பார்கள். அவசர ஆபரேஷனுக்கு, வயிறு நிறைந்திருக்கும் நோயாளிக்கு, வேகமாகக் குழாய் வைக்க உதவுவது. சிலருடைய தசையில் பிறவியிலேயே ஒரு மரபுக் குறை இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, நம்மைப் போலவே ஓடியாடி இருப்பார்கள். ஆனால் செவோஃப்ளூரேன் போன்ற கேஸோ, ஸ்கோலினோ, இரண்டும் சேர்ந்தோ உடம்பில் பட்டால் தசைகள் விறைத்து, எரியும் அடுப்பு போலக் கொதிக்க ஆரம்பிக்கும். காய்ச்சல் ஏறும், இதயம் தடுமாறும். டான்ட்ரோலீன் என்ற மாற்று மருந்து வருவதற்கு முன் இதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள்.

இதை உலகுக்குச் சொல்லிக் கொடுத்தது ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் காலை முறித்துக்கொண்டு வந்த இருபத்தொரு வயது இளைஞர். டாக்டர்கள் காலைப் பற்றிப் பேச, அவர் மயக்க மருந்தைப் பற்றியே பயந்தார். "என் சொந்தத்தில் பத்துப் பேர் ஈதர் கொடுத்து இறந்திருக்கிறார்கள்" என்றார். டாக்டர்கள் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. ஈதரை விட்டு அன்று புதிதாக இருந்த ஹாலோத்தேனைக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் உடம்பு கொதித்தது. முன்கூட்டியே எச்சரிக்கையாக இருந்ததால் உடனே நிறுத்தி, ஐஸ் வைத்துக் குளிரச் செய்து காப்பாற்றினார்கள். டென்பரோ, லவல் என்ற இருவர் 1960ல் இதை லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தக் குறை பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இருப்பது தெரிந்தால் தீர்வு எளிது. கேஸையும் ஸ்கோலினையும் தொடாமல், ஊசி வழி மயக்கமும் வேறு தளர்வு மருந்தும் கொடுத்து ஆபரேஷனைச் செய்துவிடலாம்.

ஸ்கோலினில் வேறொரு சங்கதியும் உண்டு. பெரும்பாலோருக்கு ஐந்து பத்து நிமிடத்தில் இறங்கிவிடும் மருந்து, அதைச் சிதைக்கும் நொதி பிறவியில் குறைவாக உள்ளவருக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் அந்தக் குறை வந்தால்தான் முழுதாக வெளிப்படும். சொந்தத்திலேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். தென்னகத்தில் ஆரிய வைசிய சமூகத்தாரிடம் இது கூடுதலாகக் காணப்படுவதை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. மாமன் மகள், மச்சான் மகன் என்று மணமுடிக்கும் நம் குடும்பங்களும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். வயலில் பூச்சி மருந்து அடிப்பவர்களுக்கும் சில மருந்துகளால் இதே நொதி குறைந்துபோகும்.

நம் வீடுகளில் "எங்க பெரிய வாப்பா ஆபரேஷன் டேபிளிலேயே மௌத்தாயிட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அல்லாஹ்வின் நாட்டம் என்று பொறுத்துக்கொள்வது நம் ஈமான். அதை மயக்க டாக்டரிடம் சொல்லாமல் இருப்பது ஈமானில் சேர்ந்ததல்ல. எந்த ஆண்டு, என்ன ஆபரேஷன், மயக்கத்தில் காய்ச்சல் ஏறியதா, எழுப்பத் தாமதமானதா, என்று வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்குப் பிறகு கேட்க ஆள் இருக்காது.

மற்ற விஷயங்களும் அப்படியே. ஒரு மாதத்துக்குள் போட்ட ஊசி எதுவானாலும், எந்த டாக்டர் எந்த வியாதிக்குப் போட்டிருந்தாலும், சீட்டோடு காட்டுங்கள். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் மாத்திரை நெடுநாள் சாப்பிடுபவருக்குத் தளர்வு மருந்து சீக்கிரம் இறங்கிவிடும், அதுவும் கணக்கில் வர வேண்டும். கர்ப்பிணிக்கு பி.பி. ஏறி வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி போட்டிருந்தால், அது தளர்வு மருந்தின் பலத்தைக் கூட்டும். மாலையானால் கண் இமை தொங்குகிறது, பேசப் பேசக் குரல் தேய்கிறது, படியேறினால் கால் துவள்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். மயஸ்தீனியா என்ற தசை வியாதி அதன் பின்னால் இருக்கலாம், அவர்களுக்கு இந்த மருந்தின் சிறு துளியே அதிகம். தீக்காயம் பட்டோ பக்கவாதம் வந்தோ சில நாட்கள் ஆனவர்களுக்கு ஸ்கோலின் கொடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் திடீரென ஏறி இதயம் நின்றுபோகும் அபாயம் உண்டு.

காலி வயிற்றோடு வரச் சொன்னால் காலி வயிறுதான். "பரக்கத்துக்கு ஒரு மிடறு ஸம்ஸம் கொடுத்தோம், அதைத் தண்ணீர் என்று கணக்கில் சேர்க்கவில்லை" என்று எங்களிடமே ஒரு பாட்டியம்மா சொன்னார்கள். கொடுத்திருந்தால் கொடுத்தோம் என்று நேரத்தோடு சொல்லிவிடுங்கள், டாக்டர் பார்த்துக்கொள்வார். நோன்பு காலத்தில் ஸஹரில் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்பதும் அப்படியே.

இதற்காக மருத்துவ உதவி மனுவோடு இப்போது ஒரு தாள் சேர்த்திருக்கிறோம். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று அதில் கேட்கவில்லை. "மாத்திரை, ஊசி, சொட்டு மருந்து, நாட்டு மருந்து, மூலிகைக் கஷாயம், என்னென்ன உடம்புக்குள் போயிற்று?" என்று கேட்டிருக்கிறோம். நாங்களும் மனு வந்ததும் அந்தக் குடும்பத்தின் பழைய பில்களை எடுத்துப் பார்த்து, மருந்தின் பெயரை அந்தத் தாளில் எழுதிக் கொடுக்கிறோம்.

அதே தாயாருக்கு இந்த ஆண்டு கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. மகன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாளே மயக்க டாக்டரைப் பார்த்தார். சென்ற முறை நடந்ததையும் சொன்னார். அவர் வேறு தளர்வு மருந்தைத் தேர்ந்தெடுத்து, மணிக்கட்டில் கருவியையும் மாட்டினார். ஆபரேஷன் முடிந்த கால் மணி நேரத்தில் குழாய் வெளியே வந்தது. கண் விழித்ததும் அந்தத் தாயார் முதலில் வலது கையைத் தூக்கிப் பார்த்தாராம்.

தாள் டிரஸ்ட் அலுவலகத்தில் அஸர் முதல் மஃரிப் வரை கிடைக்கும். உதவி மனு கொடுக்காதவர்களும் வாங்கிக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம், வரும்போது வீட்டில் இருக்கும் மருந்துச் சீட்டுகளை மட்டும் எடுத்து வாருங்கள்.